மேஜைக்காக வளைந்த தண்டவாளம் - மாடல் ரயில் வளைவுகளின் வரலாறு

மாடல் ரயில் என்றால் எல்லோருடைய கண்ணும் முதலில் இன்ஜின் மேல்தான் போகும். புகைபோக்கி, சக்கரம், விளக்கு, பெயின்ட் எல்லாம் அச்சு அசலாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த இன்ஜின் எந்த வளைவில் திரும்புகிறது என்பதை யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஆனால் நூறு ஆண்டுகளுக்கும் மேலான மாடல் ரயில் வரலாற்றில் பெட்டியின் நீளம், பாயிண்ட்டின் கோணம், லே-அவுட்டின் வடிவம் என்று பல விஷயங்களைத் தீர்மானித்தது அந்த வளைவுதான். அந்த வளைவைத் தீர்மானித்ததோ, வீட்டிலிருந்த மேஜை!

அது எப்படி என்று பார்ப்போம்.

நிஜ ரயில் எவ்வளவு வளையும்?

வளைவைப் பற்றிப் பேச ஒரே ஒரு அளவு போதும். அது ஆரம். வட்டத்தின் மையத்திலிருந்து தண்டவாளம் வரை உள்ள தூரம். ஆரம் குறையக் குறைய வளைவு கூர்மையாகும்.

இந்திய ரயில்வே விதிகளின்படி பிராட்கேஜ் பாதையில் ஆரம் 175 மீட்டருக்குக் குறையக் கூடாது. மீட்டர்கேஜுக்கு 109 மீட்டர். 762 மி.மீ. நாரோகேஜுக்கு 44 மீட்டர். டார்ஜிலிங் போன்ற 610 மி.மீ. மலைப்பாதைகளில் இதைவிடக் கூர்மையான வளைவுகளும் உண்டு.

இப்போது மாடலுக்கு வருவோம். உலகில் அதிகம் பேர் பயன்படுத்தும் அளவு எச்.ஓ. எனப்படும் 1:87. அதாவது நிஜத்தில் 87 அடி இருப்பது மாடலில் 1 அடி. இந்தக் கணக்கில் 175 மீட்டர் ஆரம் 2 மீட்டராகச் சுருங்கும். ரயில் ஒரு முழு வட்டம் சுற்றி வர வேண்டுமானால் 4 மீட்டர், அதாவது 13 அடிக்கு மேல் அகலம் வேண்டும். எத்தனை வீடுகளில் அப்படி ஓர் அறை காலியாக இருக்கும்?

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் அல்டூனா ஊருக்கு அருகே ஹார்ஸ்ஷூ கர்வ் என்ற புகழ்பெற்ற குதிரைலாட வளைவு இருக்கிறது. 1854ல் திறக்கப்பட்டது. அதைப் பார்க்கவே சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். அதன் குறுக்களவு சுமார் 1,300 அடி. எச்.ஓ. அளவில் அதை அப்படியே செய்தால் அந்த ஒரு வளைவுக்கு மட்டும் 15 அடி அகலம் போய்விடும்.

கடையில் ரயில் செட்டோடு வரும் வளைவோ 18 அங்குல ஆரம் கொண்டது. அதை 87ஆல் பெருக்கினால் சுமார் 130 அடி, அதாவது 40 மீட்டர். நாரோகேஜுக்கு அனுமதித்த 44 மீட்டரை விடவும் குறைவு! பிராட்கேஜ் போன்ற பெரிய பாதைக்கான இன்ஜினை நாரோகேஜும் தாங்காத வளைவில் ஓட்டுகிறோம். இந்த 18 அங்குலம் எங்கிருந்து வந்தது?

1891: துண்டு துண்டாகத் தண்டவாளம்

ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891ல் லைப்சிக் வசந்த காலச் சந்தையில் எட்டு வடிவத்தில் ஓடும் ரயில் செட் ஒன்றைக் காட்டியது. பொம்மை ரயில்கள் அதற்கு முன்பும் இருந்தன. புதுமை என்னவென்றால், தண்டவாளம் குறிப்பிட்ட கேஜ் அளவுகளில், ஒன்றோடொன்று பொருந்தும் துண்டுகளாக வந்தது. இந்த வருடம் ஒரு வட்டம் வாங்கலாம், அடுத்த வருடம் நாலு நேர்த்துண்டும் ஒரு பாயிண்ட்டும் வாங்கிச் சேர்க்கலாம். வியாபாரத்துக்கு மிகவும் தோதான யோசனை.

ஆனால் துண்டுகளாக விற்க வேண்டும் என்றால் வளைவின் ஆரத்தையும் தொழிற்சாலையே முடிவு செய்ய வேண்டும். எல்லாத் துண்டுகளும் ஒரே ஆரத்தில் இருந்தால்தான் வட்டம் சேரும். அந்த ஆரம் எவ்வளவு இருக்கலாம்? வாங்குபவர் வீட்டுக் கூடத்துத் தரையில், கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் அடங்கும் அளவுக்கு. நிஜ ரயிலைப் பார்த்து யாரும் அதை நிர்ணயிக்கவில்லை.

அமெரிக்காவில் 1900ல் தொடங்கிய லயனல் நிறுவனமும் இதே வழியில் போனது. அதன் மலிவு விலை ஓ-கேஜ் செட்டுகளின் வட்டம் 27 அங்குலக் குறுக்களவு. ஓ அளவு என்பது அங்கே 1:48. கணக்குப் போட்டால் நிஜத்தில் 54 அடி ஆரம். டிராம் வண்டி தெருமுனையில் திரும்பும் வளைவு அது! எக்ஸ்பிரஸ் ரயில் அதில் திரும்புவதை நினைத்துப் பாருங்கள்.

1937ல் லயனல் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயின் ஹட்சன் நீராவி இன்ஜினைச் சுருக்காமல் குறுக்காமல், அளவு பிசகாமல் செய்தது. 700ஈ என்று பெயர். விலை 75 டாலர். பொருளாதார மந்தநிலை முழுதாக நீங்காத அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. ஆனால் விலையை விடப் பெரிய சிக்கல் வேறு. அளவு பிசகாத இன்ஜின் சாதாரண வளைவில் திரும்ப மறுத்தது. அதற்கு 72 அங்குலக் குறுக்களவு, அதாவது ஆறடி வட்டம் தேவைப்பட்டது. இன்ஜின் நிஜமாக வேண்டுமா, வளைவு சிறியதாக வேண்டுமா, இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

ரயிலைச் சுருக்கினால் போதாதா?

இதற்கு எளிதான வழி ஒன்று தோன்றும். அளவைச் சிறியதாக்கிவிட்டால்? அதே இடத்தில் நிஜத்துக்கு நெருக்கமான வளைவு கிடைக்குமே!

1922ல் ஜெர்மனியின் பிங் நிறுவனம் 16.5 மி.மீ. கேஜில் ஒரு சிறிய ரயிலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் அதன் பெயரே 'டேபிள் ரயில்வே', அதாவது மேஜை ரயில். 1935ல் ட்ரிக்ஸ், மார்க்லின் ஆகியவை இதே கேஜில் இறங்கின. 1938ல் ஹார்ன்பி டப்ளோ வந்தது. ஓ-கேஜில் பாதி என்பதால் இந்த அளவுக்கு 'ஹாஃப் ஓ', சுருக்கமாக எச்.ஓ. என்று பெயர்.

ரயில் பாதியாகச் சுருங்கியது. வளைவு அப்படியே இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் கம்பெனிகள் வளைவையும் சேர்த்துச் சுருக்கிவிட்டன. ஹார்ன்பி டப்ளோ வளைவின் ஆரம் 15 அங்குலம். மார்க்லினின் முதல் வட்டம் 36 செ.மீ. தரையிலிருந்த ரயில் மேஜைக்கு ஏறியது, அவ்வளவுதான்.

1960களில் என்-கேஜ் பரவியபோதும் இதே கதைதான். 9 மி.மீ. கேஜ், 1:160 அளவு. அமெரிக்காவில் அதன் வழக்கமான சிறிய வளைவு ஒன்பதே முக்கால் அங்குலம். 160ஆல் பெருக்கிப் பார்த்தால் நிஜத்தில் 130 அடி. எச்.ஓ.வின் 18 அங்குலமும் அதே 130 அடிதான்! அளவு மாறியது, மேஜை சிறியதானது, வளைவின் கூர்மை மட்டும் கடுகளவும் குறையவில்லை. என்-கேஜில் அதே 18 அங்குல ஆரத்தை வைத்துக்கொண்டவர்களுக்கு 240 அடி கிடைத்தது. சிறிய அளவின் உண்மையான லாபம் அவர்களுக்குத்தான்.

எட்டுக்கு நாலு ப்ளைவுட்

அமெரிக்காவில் 18 அங்குலம் நிலைத்துப்போனதற்கு ஒரு பலகையும் காரணம். அங்கே ப்ளைவுட் 4 அடிக்கு 8 அடி அளவில் விற்கிறது (நம் ஊரிலும் அதேதான்). 18 அங்குல ஆரம் என்றால் வட்டம் 36 அங்குலம். 48 அங்குல அகலப் பலகையில் தாராளமாக அடங்கும். அடுத்த அளவான 22 அங்குலம் போட்டால் 44 அங்குலம். ஓரத்தில் இரண்டு இரண்டு அங்குலம்தான் மிஞ்சும். அதற்கு மேல் போனால் ரயில் தரையில் விழும்!

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அட்லஸ் நிறுவனம் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் கட்டைகளோடு துண்டுத் தண்டவாளங்களை விற்றபோது இந்த 18, 22 என்ற இரண்டு எண்களும் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தன.

வளைவை மாற்ற முடியாததால் பெட்டிகளை மாற்றினார்கள். அமெரிக்காவின் 85 அடிப் பயணிகள் பெட்டி எச்.ஓ.வில் கிட்டத்தட்ட 12 அங்குலம் வரும். 18 அங்குல வளைவில் அது திரும்பும்போது நடுப்பகுதி உள்பக்கமும் முனை வெளிப்பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும். எனவே ஆதர்ன் நிறுவனம் 72 அடிப் பெட்டி போல் குட்டையாகச் செய்து பல காலம் விற்றது. ஐரோப்பாவின் 26.4 மீட்டர் பெட்டி 1:87ல் 30 செ.மீ. வர வேண்டும். மார்க்லின் அகலத்தையும் உயரத்தையும் அளவோடு வைத்து, நீளத்தை மட்டும் 1:100 ஆக்கிச் சுமார் 27 செ.மீ.யில் விற்றது. ஜன்னல்களை எண்ணிப் பார்ப்பவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

மாடல் செய்பவர்களிடம் ஒரு பழக்கக் கணக்கு உண்டு. மிக நீளமான பெட்டியின் நீளத்தை மூன்றால் பெருக்கினால் வரும் ஆரத்தில் ரயில் நம்பகமாக ஓடும். இரண்டால் பெருக்கினால் பார்க்கவும் அழகாக இருக்காது, தடம் புரளவும் வாய்ப்பு அதிகம். சென்னைப் பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டியின் நீளம் 21.3 மீட்டர். எச்.ஓ.வில் 24.5 செ.மீ. மூன்று மடங்கு 73 செ.மீ. செட்டோடு வரும் 46 செ.மீ. வளைவு இரண்டு மடங்குக்கும் குறைவு.

ஆர்ம்ஸ்ட்ராங்கின் கட்டங்கள்

1930களில் இது குழந்தைகளின் விளையாட்டு என்ற நிலையிலிருந்து பெரியவர்களின் பொழுதுபோக்காக மாறத் தொடங்கியது. 1934 ஜனவரியில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஏ.சி.கால்ம்பாக் 'மாடல் ரயில்ரோடர்' பத்திரிகையைத் தொடங்கினார். 1935ல் அதே ஊரில் தேசிய மாடல் ரயில்ரோடு சங்கம் உருவானது. ஒரு கம்பெனியின் சக்கரம் இன்னொரு கம்பெனியின் தண்டவாளத்தில் ஓடாத காலம் அது. பொது அளவுகளைக் கொண்டுவந்ததுதான் சங்கத்தின் முதல் பெரிய பணி.

அளவுகள் ஒழுங்கானாலும் திட்டமிடுதல் ஒழுங்காகவில்லை. பெரும்பாலோர் முதலில் காகிதத்தில் ஆசைப்பட்டபடி கோடு போடுவார்கள். மலை, சுரங்கம், யார்டு எல்லாம் வரும். கட்ட ஆரம்பித்த பிறகுதான் வளைவுக்கு இடமில்லை என்று தெரியும். காகிதத்தில் வளைவைக் கையால் வரையும்போது தெரியாமலே கூர்மையாக வரைந்துவிடுவதுதான் காரணம்.

இதை மாற்றியவர் ஜான் ஆர்ம்ஸ்ட்ராங் (1920-2004). அவர் எழுதிய 'டிராக் பிளானிங் ஃபார் ரியலிஸ்டிக் ஆபரேஷன்' 1963ல் வெளியானது. இன்றும் இத்துறையின் அடிப்படை நூல் அதுதான். அவர் சொன்ன வழி மிக எளிது. முதலில் குறைந்தபட்ச ஆரத்தை முடிவு செய். பிறகு அதை மாற்றாதே. அந்த ஆரத்தோடு இரட்டைப் பாதைகளுக்கு இடையே உள்ள தூரத்தை இரண்டு முறை கூட்டினால் ஒரு சதுரத்தின் பக்கம் கிடைக்கும். ஆரம் 18 அங்குலம், பாதை இடைவெளி 2 அங்குலம் என்றால் சதுரம் 22 அங்குலம். அறையின் படத்தை இந்தச் சதுரங்களாகப் பிரி. ஒரு கால்வட்டத் திருப்பத்துக்கு ஒரு சதுரம். முழுதாகத் திரும்பி வர இரண்டு சதுர அகலம். அறையில் எத்தனை சதுரம் இருக்கிறதோ அதற்கு ஏற்றபடிதான் ஆசைப்பட முடியும்!

ஸ்கேல், காம்பஸ் இல்லாமலே எது அடங்கும், எது அடங்காது என்று சில நிமிடங்களில் சொல்லிவிடலாம். வளைவு கடைசியில் வரும் தொல்லை என்ற நிலை மாறி, முதலில் எழுத வேண்டிய எண் ஆனது.

சதுரங்களை எண்ணும்போது இன்னொரு உண்மையும் புலப்பட்டது. நடு அறையில் மேஜை போட்டால் ரயில் இரு முனையிலும் முழுதாகத் திரும்ப வேண்டும். அதற்குக் குறுக்களவு முழுவதும் தேவை. சுவரை ஒட்டிப் பலகை அடித்தால் ஒவ்வொரு மூலையிலும் கால்வட்டம் திரும்பினால் போதும். மேஜையைச் சுற்றி நடக்க இரண்டடி விட்டால் எட்டுக்கு நாலு பலகை உண்மையில் 12க்கு 8 அடி அறையைத் தின்கிறது. அதே அறையில் சுவரோரமாகக் கட்டினால் 36 அங்குல ஆரம் கிடைக்கும். இரண்டு மடங்கு! கதவைத் தாண்டிப் போக ஒரு தூக்குப் பாலம் வேண்டும் என்பதுதான் அதன் விலை.

அரை அங்குலத்தின் மதிப்பு

ஆரம் மட்டும் போதாது. நேர்ப்பாதை முடிந்து வட்டம் தொடங்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதும் முக்கியம்.

இது நிஜ ரயில்வே கற்ற பாடம். ஆரம்ப காலத்தில் நேர்க்கோட்டையும் வட்டத்தையும் அப்படியே ஒட்டினார்கள். வேகம் கூடியதும் அந்த இடத்தில் வண்டி தூக்கிப் போட்டது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் - எக்ஸிட்டர் பாதையில் பணியாற்றிய வில்லியம் ஃப்ரூட், படிப்படியாக வளைந்து வட்டத்தில் சேரும் இடைநிலை வளைவை உருவாக்கியவர்களில் ஒருவர். பின்னாளில் கப்பல் மாதிரிகளைத் தொட்டியில் இழுத்துச் சோதித்துப் புகழ்பெற்ற அதே ஃப்ரூட்தான்.

மாடல் ரயிலில் பயணி இல்லை. குலுங்கினால் யாருக்கு வலிக்கும்? ஆனால் வேறு சிக்கல் இருக்கிறது. முதல் பெட்டி வளைவுக்குள் நுழைந்ததும் அதன் பின்முனை ஒரு பக்கம் விலகும். அடுத்த பெட்டியின் முன்முனை இன்னும் நேராக நிற்கும். இணைப்பு கொக்கி பக்கவாட்டில் இழுக்கப்பட்டுச் சக்கரம் ஏறிவிடும். இந்தத் திடீர் விலகலைத்தான் ஆர்ம்ஸ்ட்ராங் கணக்கிட்டுக் காட்டினார். வட்டத்தை அரை அங்குலம் உள்ளே தள்ளி, நடுவில் இடைநிலை வளைவு வைத்தால் விலகல் வெகுவாகக் குறைகிறது. இடைநிலை வளைவோடு சேர்ந்த சற்றே கூர்மையான வளைவு, அது இல்லாத அகலமான வளைவை விடச் சிறப்பாக ஓடும் என்பது அவர் கண்ட முடிவு.

அதைப் போடுவதற்கும் கணிதம் தேவையில்லை. வளையக்கூடிய மெல்லிய மரச்சட்டத்தின் ஒரு பாதியை நேர்க்கோட்டின் மீது ஆணியால் நிறுத்தி, மறுமுனையை அரை அங்குலம் தள்ளிய வட்டத்தின் மீது வளைத்துப் பிடித்தால் போதும். மரம் தானாகவே தேவையான வடிவத்தில் வளைந்து நிற்கும். பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளலாம்.

துண்டுத் தண்டவாளத்தில் இதைச் செய்ய முடியாது, அதன் ஆரம் தொழிற்சாலையில் முடிவானது. மூன்றடி நீளத்தில் வரும் வளையும் தண்டவாளம் பரவிய பிறகுதான் இது எல்லோருக்கும் எளிதானது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வளைக்கும்போது உள்தண்டவாளம் வெளியே நீளும், அதை வெட்ட வேண்டும். இணைப்பு வளைவின் நடுவில் வந்தால் அங்கே முறிந்தது போல் கோணம் விழும். அதனால் இரண்டு நீளங்களை நேராக வைத்துப் பற்றவைத்த பிறகே வளைப்பார்கள்.

எஸ் வளைவும் பாயிண்ட்டும்

வலப்பக்கம் வளைந்த பாதை உடனே இடப்பக்கம் வளைந்தால் அது எஸ் வளைவு. ஒரு பெட்டியின் முனை இந்தப் பக்கமும் அடுத்த பெட்டியின் முனை அந்தப் பக்கமும் விலகுவதால் விலகல் இரட்டிப்பாகும். நடுவில் ஒரு பெட்டி நீளத்துக்காவது நேர்ப்பாதை வேண்டும் என்பது விதி.

இந்த எஸ் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் இடம் பாயிண்ட். ஒரு பாதையிலிருந்து பக்கத்துப் பாதைக்கு மாற இரண்டு பாயிண்ட்களைச் சேர்த்து வைத்தால் அதுவே ஓர் எஸ்தான். நம் ரயில்வேயில் 12க்கு 1, எட்டரைக்கு 1 என்ற கோணங்களில் பாயிண்ட்கள் இருக்கின்றன. மாடலில் இடம் போதாமல் 4க்கு 1, 6க்கு 1 என்று வைக்கிறார்கள். கோணம் அகலமானால் எஸ்ஸும் கூர்மையாகும்.

இங்கிலாந்தில் வீடுகள் இன்னும் சிறியவை. அங்கே 1957ல் சிரில் ஃப்ரீசர் 'ரயில்வே மாடலர்' பத்திரிகையில் 'மைனரீஸ்' என்ற சிறிய நகர முனைய நிலையத்தின் வரைபடத்தை வெளியிட்டார். பாயிண்ட்களை அடுக்கிய விதத்தில் எஸ் வளைவின் கொடுமையைக் குறைத்ததுதான் அதன் சிறப்பு. ரயில் நிலையத்திலிருந்து கிளம்பி நேராக ஒரு மறைவான யார்டுக்குப் போய் நிற்கும். வட்டமே வேண்டாம்! நீளமான ஒற்றைப் பலகை போதும்.

அதே இங்கிலாந்தில் 1960களில் சிலர் எதிர்த்திசையில் போனார்கள். அங்கே வழக்கமான ஓ.ஓ. அளவில் ரயில் 4 மி.மீ.க்கு ஓர் அடி என்ற கணக்கில் இருக்க, தண்டவாளம் மட்டும் 16.5 மி.மீ. என்று குறுகலாக இருந்தது. சரியான அகலம் 18.83 மி.மீ. இந்தக் குழுவினர் புரோட்டோஃபோர் என்ற பெயரில் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் துல்லியமாக்கினார்கள். பார்க்க அற்புதமாக இருந்தது. ஆனால் மெல்லிய சக்கர விளிம்பு கூர்மையான வளைவில் நிற்காது. மூன்று, நான்கு அடி ஆரம் வேண்டியிருந்தது. துல்லியத்துக்கு வீட்டில் இடம் கேட்டது ரயில்!

முடிவாக...

இன்று கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேர் கொண்டு லே-அவுட் வரையலாம். குறைந்தபட்ச ஆரத்தைக் கொடுத்துவிட்டால் அதற்குக் கீழே போகும் இடத்தை அதுவே காட்டிவிடும். ஆனால் அந்த எண்ணை யார் கொடுப்பது?

1891லிருந்து பல காலம் அதைத் தொழிற்சாலைகள் கொடுத்தன. வாங்கியவர்கள் அதற்கு ஏற்றபடி பெட்டியைக் குட்டையாக்கிக்கொண்டார்கள், சிலர் ஆசையையே குட்டையாக்கிக்கொண்டார்கள். ஆர்ம்ஸ்ட்ராங் போன்றவர்கள் அந்த எண்ணைக் கட்டுபவர் கையில் கொடுத்தார்கள். இடம் அதனால் ஓர் அங்குலம்கூடக் கூடவில்லை. எதை விட்டுக்கொடுப்பது என்பதை முன்கூட்டியே தெரிந்து முடிவு செய்ய முடிந்தது, அவ்வளவுதான். நீளமான எக்ஸ்பிரஸ் வேண்டுமா, அப்படியானால் சுவரோரம் போ. சின்ன மேஜைதான் இருக்கிறதா, குட்டி இன்ஜினும் நாலு சரக்குப் பெட்டியும் ஓடும் கிளைப்பாதையைக் கட்டு. 18 அங்குல வளைவிலும் அது அழகாகவே ஓடும்.

அடுத்த முறை மாடல் ரயில் கண்காட்சிக்குப் போகும்போது இன்ஜினைப் பார்த்து முடித்ததும் ஒரு நிமிடம் குனிந்து மூலை வளைவைப் பாருங்கள். அதைக் கட்டியவர் எதை வைத்துக்கொண்டார், எதை விட்டுக்கொடுத்தார் என்பது அங்கேதான் தெரியும்.